பாத்துக்கிறோம் சார்

சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. மேலாளர் பையன் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கினான். திறந்தது. "கொஞ்சம் டைட்டு சார்" என்றான். கதவின் சூட்சுமம் தெரிந்திருக்கிறதே, அப்படியானால் அடிக்கடி வந்து போயிருக்கிறான் என்று ஒரு கணம் மனசு ஆறியது. அதற்குள் வாடை வந்துவிட்டது.

மடிப்பாக்கத்தில் 2003-இல் வங்கிக் கடன் போட்டு வாங்கிய வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், கைக்குட்டை அளவுக்கு ஒரு பால்கனி. 13 வருஷம் நாங்களே குடியிருந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது மாடிவீடு வாங்கியதற்காக என் மனைவி என்னை முதலும் கடைசியுமாகப் பாராட்டினாள். அடுத்த வருஷம் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டோம். வீட்டை வாடகைக்கு விட்டோம். கடைசியாக இருந்த பையன்கள் மூன்று வருஷம் இருந்துவிட்டுக் காலி செய்த மறுநாள், நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கி, நேரே அங்கே போய் நின்றேன்.

சமையல் மேடைக்கு மேலே இருந்த வெள்ளை டைல்ஸ் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது. எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி, விழ மனமில்லாமல் அப்படியே உறைந்து நின்றது. தரையில் தண்ணீர் இறங்கும் நாணி டிராப் மூடியைத் தூக்கினால் சோறு. மாதக்கணக்கில் ஊறி, சோறென்று சொன்னால்தான் சோறென்று தெரியும் சோறு. பால்கனியைப் புறாக்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஹால் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வரிசையாக நான்கு கறுத்த வட்டங்கள். என்னவென்று முதலில் விளங்கவில்லை. பாயை விரித்து, சுவரில் தலையைச் சாய்த்து, நான்கு பேர் மூன்று வருஷம் செல்போன் பார்த்த இடம் அது. தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். விடவில்லை.

குளியலறைக் கதை வேறு. சுவர் முழுக்க ஓதம் ஏறியிருந்தது. அதன் மறுபக்கம் படுக்கையறையில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி உரிந்து, உரிந்த இடத்தில் கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. எங்கள் கட்டில் கிடந்த இடம்.

பையன் இதையெல்லாம் என்னோடு சேர்ந்து முதல்முறையாகப் பார்த்தான். கதவைத் திறக்கத் தெரிந்தவன், உள்ளே வந்ததே இல்லை போலிருக்கிறது, முகத்திலேயே தெரிந்தது. "பேச்சிலர்ஸ்னா இப்டித்தான் சார்" என்றான். பிறகு, மூன்று வருஷமாகப் போனில் கேட்டுக் கேட்டு என் காதில் தடம் விழுந்துபோன அந்த வாக்கியம்: "நீங்க டென்ஷன் ஆவாதீங்க. பாத்துக்கிறோம் சார்."

தமிழில் 'பார்' என்ற சொல் இழுக்கிற பாரத்தை வேறெந்தச் சொல்லும் இழுக்குமா என்று தெரியவில்லை. வீடு பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம். வைத்தியமும் பிரசவமும்கூடப் பார்ப்பதுதான். 'என்ன வேலை பார்க்கிறீர்கள்' என்றுதானே கேட்கிறோம். அதோடு ஒரு 'கொள்' சேர்ந்துவிட்டால் பாரம் தோள் மாறிவிடுகிறது. 'பிள்ளையப் பாத்துக்கோ' என்று அண்டை வீட்டில் சொல்லிவிட்டு ரேஷன் கடைக்குப் போகிறவள், கண்ணை வைக்கச் சொல்லிக் காவலைக் கேட்டுவிட்டுப் போகிறாள். இந்தப் பையனின் 'பாத்துக்கிறோம்' மட்டும் கண்ணில்லாமல் பிறந்தது. இனி நீங்கள் பார்க்க வேண்டாம் என்பது அதில் முதல் பாதி. நாங்களும் பார்க்கப் போவதில்லை என்பது மறுபாதி. அதைச் சொல்ல மாட்டார்கள்.

இங்கே என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ள இந்தப் பையனை அனுப்பிய நிறுவனத்தை நான் ஏமாந்துபோய் அமர்த்தவில்லை. ஆரம்பத்தில் ஒரு தரகர் இருந்தார்; ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. அப்புறம் குழாய் ஒழுகினால் எனக்குப் போன் வரும், லிஃப்ட் நின்றால் போன் வரும், கீழ்வீட்டுக்காரருக்கும் நம் ஆளுக்கும் வண்டி நிறுத்துகிற சண்டை என்றால் இரண்டு பேரிடமிருந்தும் போன் வரும். 600 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மடிப்பாக்கத்து பிளம்பரைத் தேடிக்கொண்டிருப்பேன். ஆகவே, மாத வாடகையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை 5-ஆம் தேதி கணக்கில் போட்டுவிடுகிறோம், உங்களை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று ஒரு நிறுவனம் சொன்னபோது கையெழுத்துப் போட்டேன். நான் காசு கொடுத்து வாங்கியது அந்த அமைதியைத்தான். வீட்டைப் பார்ப்பது என்பது அவர்கள் தந்த தாளில் ஐந்தாவதோ ஆறாவதோ வரி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வரும். ஹால், சமையலறை, பால்கனி. பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்பிவிடுவேன். இப்போது வரிசையாக எடுத்துப் பார்க்கிறேன்: மூன்று ஆய்வுகளில் ஜன்னல் கம்பியில் அதே நீலத் துண்டு, அதே மடிப்பில் தொங்குகிறது. ஒரு துண்டு ஆறு மாதம் அசையாமல் தொங்கும் வீட்டைப் பற்றி எனக்கு அன்று ஒரு கேள்வியும் எழவில்லை. எழவில்லையா, எழ விடவில்லையா என்பதை என் மனைவி வேறு விதமாகச் சொல்வாள்.

பாளையங்கோட்டையில் என் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த வளவில் ஐந்து குடித்தனம். வீட்டுக்கார ஆச்சி கடைசி வீட்டில் இருந்தாள். வாடகை என்று சொல்ல மாட்டாள், குடிக்கூலி என்பாள். மாதம் பிறந்தால் வாங்க வருவாள். ஆனால் பார்க்கத் தினமும் வருவாள். சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் ஒரு சுற்று. அங்கணத்தில் சோற்றுப் பருக்கை கிடக்கிறதா, கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறதா, அடுப்புப் புகை சுவரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒன்றும் தப்பாது. ஆணிகளை எண்ணுவாள். ஐந்து வீட்டிலும் எத்தனை ஆணி என்பது அவளுக்கு மனப்பாடம். அப்பா ஒருமுறை காலண்டருக்கு ஓர் ஆணி அடித்துவிட்டார். மறுநாள் ஆச்சி வந்து, காலண்டரைப் பார்க்காமல் ஆணியை மட்டும் பார்த்துவிட்டு, "செவுரு என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுல்லா பாக்கா" என்பாள் அம்மா, ஆச்சியின் முதுகு மறைந்ததும். அந்த வெறுப்பில் நியாயம் இருந்தது. ஆச்சியின் கண் அங்கணத்தோடு நிற்காது. யார் வந்தார்கள், ஏன் ராத்தங்கினார்கள், கறிக்குழம்பு வாசம் எந்த வீட்டிலிருந்து வந்தது, புதிதாகக் குடிவரக் கேட்பவர்கள் 'என்ன ஆட்கள்' என்பது வரை போகும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் வாசலோடு திரும்பிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மா காய்ச்சலில் விழுந்த ஒரு மார்கழியில், காலையில் எங்கள் வாசலில் கோலம் இல்லாததைக் கண்டு கதவைத் தட்டியதும் அதே ஆச்சிதான். கஷாயத்தை வைத்துவிட்டு, போகிற போக்கில் அங்கணத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போனாள்.

இந்தக் கண்ணுக்குப் பயந்துதான் நம் கதைகளும் படங்களும் ஏறக்குறைய எப்போதும் குடியிருப்பவர் பக்கம் நிற்கின்றன. செழியனின் 'டு லெட்' படத்தை நான் திரையரங்கில் பார்த்தேன். 2007-இல், ஐ.டி. வேலைகள் வந்து சென்னை வாடகையெல்லாம் எகிறிய நேரத்தில், கணவன், மனைவி, ஒரு சிறுபிள்ளை என்று ஒரு குடும்பம் வீடு தேடி அலைகிற கதை. கண் கலங்கத்தான் செய்தது. வெளியே வந்ததும் மேலாளருக்குப் போன் போட்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து வாடகையில ஆயிரம் ஏத்திச் சொல்லிருங்க" என்றேன். இதை ஒரு வேடிக்கையாக நண்பர்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். வேடிக்கை இல்லை என்று இப்போது படுகிறது. ஆயிரத்தைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் படவில்லை.

மடிப்பாக்கத்துக் கதவைத் திறந்த மறுநாள், வீட்டைக் கழுவ இரண்டு பேரைப் பிடித்தேன். மூத்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆசிட் புட்டியும் கம்பி நாருமாக உட்கார்ந்து சமையலறை எண்ணெயை அடுக்கடுக்காகச் சுரண்டி எடுத்தாள். நான் பின்னாலேயே நின்று, ஒரு நோட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தேன். அட்வான்ஸில் பிடிக்க வேண்டும் அல்லவா? குளியலறைக் குழாய்களில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்ததையும், டைல்ஸில் வழிந்திறங்கிய வெண்கறையையும் கொட்டை எழுத்தில் எழுதினேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அது அழுக்கு இல்ல சார். போர் தண்ணி உப்பு. இன்னா தேச்சாலும் திரும்ப வரும். நீங்க இருந்தப்போ எப்டி வச்சினு இருந்தீங்க?"

எப்படி வைத்திருந்தோம்? மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எலுமிச்சம்பழத் தோலை வச்சு வாராவாரம் தேய்ப்பேன். நீங்க அந்த உப்பைப் பார்த்ததே இல்ல, அதான் உங்களுக்குத் தெரியல" என்றாள். 13 வருஷம். நோட்டில் அந்த வரியை அடித்தேன்.

மிச்ச வரிகளில் எதைப் பிடிக்கலாம் என்று சட்டத்தையும் புரட்டினேன். தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் கட்டடத்தின் மதிப்பைக் கெடுக்கிற நாசவேலை செய்தால் வெளியேற்றலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் வாடகையே ஏறாத வீடுகளை ரிப்பேரும் பார்க்காமல் தானாக இடியட்டும் என்று விட்டார்கள் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பலர். புதுச் சட்டம் வேறு மாதிரி. எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், அதை வாடகை ஆணையத்திடம் பதிய வேண்டும் என்கிறது. நாமோ இன்னும் அந்தப் பழைய 11 மாதத் தாளையே புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்யச் சொன்ன 1908-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குத் தப்பிக்கப் பழகிய பழக்கம். சொத்து மேலாளர் என்று ஒருவருக்கும் புதுச் சட்டத்தில் இடம் உண்டு. வாடகை வாங்கி ரசீது கொடுப்பது, அவசியமான ரிப்பேர்களைச் செய்வது, அவ்வப்போது வீட்டைப் போய்ப் பார்ப்பது, இரண்டு தரப்புக்கும் தகராறு வந்தால் தீர்த்து வைக்க உதவுவது எல்லாம் அவர் கடமை. பார்க்கப் போவதற்குக்கூட 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆச்சி இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

என்னை நிறுத்தி வைத்தது அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பாக இருக்கும் ஒரு பட்டியல். எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று பிரித்திருக்கிறது. குழாய் வாஷர், குழாய், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. வெள்ளையடிப்பு, சுவருக்குள் போகும் பைப், ஒயரிங், கட்டுமானக் கோளாறு இவை வீட்டுக்காரர் கணக்கு. கண்ணுக்குத் தெரிகிற உலோகம் அவர்களுடையது. சுவருக்குள் மறைந்து ஓடுவது என்னுடையது. குடியிருப்பவர் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சட்டம் சும்மா சொல்லிவிடவில்லை: குடிவந்தபோது வீடு இருந்த நிலையையும், வாழ்வதால் இயல்பாக நேர்வதையும் கணக்கில் கொண்டு நியாயமான கவனம் என்கிறது. வாழ்வதால் நேர்வது. சட்டம் எழுதிய யாரோ ஒருவர் ஏதோ ஒரு வாடகை வீட்டில் ஹால் சுவரைப் பார்த்திருக்கிறார். அந்த நான்கு எண்ணெய் வட்டங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. நாணி டிராப் சோற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிளம்பர் வந்து குளியலறையில் மூன்று டைல்ஸை உடைத்தார். சுவருக்குள் பைப் வளைகிற இடத்தில் மூட்டு விட்டுப்போயிருந்தது. கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷத்துக் கசிவு சார் இது. சொல்லலியா யாரும்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருந்தவர்களில் ஒருவன் அட்வான்ஸை வாங்க வந்தான். தர்மபுரிப் பையன், பெருங்குடியில் வேலை. மூன்று வருஷத்தில் நான் அவனோடு பேசிய முதல் நாள் அது. அவன் பெயரை ஒப்பந்தத்தில் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். கதவுப் பக்கமே நின்றான். உட்காரச் சொல்ல வீட்டில் நாற்காலி இல்லை. நோட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். எண்ணெய், புறா, சாக்கடை, பெயின்டிங்குக்கு வழக்கமாகப் பிடிக்கிற ஒரு மாத வாடகை. தலையை ஆட்டிக்கொண்டே வந்தவன், ஓதத்தை வாசித்ததும் நிறுத்தினான்.

"எண்ணெய் நாங்கதான் சார். செவுரு நாங்க இல்ல."

செல்போனை எடுத்து நீட்டினான். மேலாளருக்கு அனுப்பிய படங்கள். சுவரில் உள்ளங்கை அளவு ஓதம். அப்புறம் முறத்தளவு. அப்புறம் சுவர் பாதி. நாலாவதில் நனைந்த மெத்தையைத் தூக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். ஹாலில் நாலு பேரும் பாயில் படுத்த கதை அப்போதுதான் எனக்குக் கிடைத்தது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பதில் வந்திருந்தது. படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது பதிலில் மட்டும், "ஓனர்கிட்ட சொல்லிட்டோம் ப்ரோ, அவர்தான் யோசிக்கிறார்" என்று கூடுதலாக ஒன்று.

நான் யோசித்ததே இல்லை. என்னிடம் யாரும் சொன்னதும் இல்லை. அதே காலத்தில் வீடு சுத்தமாக இருக்கிறதா என்று நான் மேலாளரிடம் இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். "சொல்லிட்டோம் சார், பசங்க கிளீன் பண்றேன்னு சொல்லிருக்காங்க" என்று பதில் வந்தது. தர்மபுரிப் பையனிடம் கேட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றான். அவன் மூன்று வருஷமாக ஒரு கஞ்சனுக்கு வாடகை கொடுத்திருக்கிறான். நான் மூன்று வருஷமாக வார்த்தை தவறுகிற நான்கு பேருக்கு வீடு விட்டிருக்கிறேன்.

இத்தோடு மனசு கனிந்து, தோளில் தட்டி, முழு அட்வான்ஸையும் எடுத்துக் கொடுத்திருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். எனக்குக் கோபம் குறைந்தது சுவர் அளவுக்குத்தான். சுவர் கசிந்ததற்காகச் சோற்றைச் சாக்கடையில் கொட்ட வேண்டியதில்லை. அதைச் சொல்லவும் செய்தேன். "செவுரு அப்டி ஆனப்புறம் எங்களுக்கு விட்டுப்போச்சு சார். யாருமே பாக்கல, நாம மட்டும் எதுக்குன்னு..." என்று இழுத்தான். அது உண்மையா, வாய்க்கு வந்த சாக்கா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். பெயின்டிங் பணத்தைப் பாதியாக்கினேன். சமையலறைக்கும் சாக்கடைக்கும் கழுவுகூலியை முழுதாகப் பிடித்தேன். மெத்தைக்கு ஒரு தொகை போட்டேன், அவன் கேட்கவில்லை. மீதியை அங்கேயே போனில் அனுப்பினேன். வந்து சேர்ந்த சத்தம் கேட்டதும் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினான்.

அந்த நிறுவனத்தோடு கணக்கை முடித்துக்கொண்டேன். வருஷத்துக்கு நான்கு தடவை நானே போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பும்போது ஒரு வீறாப்பு இருந்தது. மூட்டு வலிக்காரனுக்கு நெல்லை எக்ஸ்பிரஸின் மேல் பெர்த் ஒன்றே போதும் அந்த வீறாப்பை இறக்க. இப்போது எதிர் பிளாக்கில் இருக்கிற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்திருக்கிறேன். புதிதாகக் குடிவந்த குடும்பத்திடம் என் நம்பரையும் கொடுத்துவிட்டேன். போன் வரத் தொடங்கிவிட்டது. நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு, காலிங் பெல் அடிக்கவில்லை என்று. சுவிட்சும் பெல்லும் குடியிருப்பவர் கணக்கு என்று சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி கையைப் பிடித்தாள்.

கிளம்புகிற அன்று பெயின்டர் வந்திருந்தார். சுவர்களைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஆணிகளிடம் நின்றார். நானும் சேர்ந்து எண்ணினேன். ஹாலில் ஆறு, உள்ளறைகளில் ஐந்து. பால்கனிக் கதவுக்கு மேலே ஒன்று, அது கொடிக்கு நாங்கள் அடித்தது. பூஜை அலமாரிப் பக்கம் இருப்பதும் எங்களுடையதாக இருக்கலாம். மற்றவற்றில் எது அந்தப் பையன்கள் அடித்தது, எது அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அடித்தது, எது எங்கள் மகள் பரீட்சை அட்டவணை தொங்கவிட அடித்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஆச்சிக்கு இந்தச் சங்கடம் வந்திருக்காது.

"புடுங்கிரட்டுமா சார்?" என்று கேட்டார். ஓட்டைகளை அடைக்கத் தனியாக எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.

"அதுக்குத் தனிக் காசு கிடையாது சார். பட்டி பாக்கறப்போ எல்லாம் சேந்துரும்."